தசைத் தளர்ச்சியை மீட்கும் மருந்தும் இதயத் துடிப்பும்: ஒரு வரலாறு

பெரிய அறுவை சிகிச்சைகளில் நோயாளியை உறங்க வைப்பதோடு அவரது தசைகளையும் மருந்தால் தளர்த்துவது வழக்கம். அறுவை முடிந்ததும் அந்தத் தளர்ச்சியை நீக்கி, நோயாளி தானாக மூச்சு விடும்படி செய்ய வேண்டும். இதற்காகப் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வரும் மருந்து நியோஸ்டிக்மின். தசைக்கு வலுவைத் திருப்பித் தரும் இதே மருந்து இதயத் துடிப்பைக் குறைக்கவும் வல்லது. எவ்வளவு குறையும் என்பது மருந்தின் அளவை மட்டும் பொறுத்ததன்று. நோயாளி அதுவரை எந்த மயக்க ஆவியைச் சுவாசித்தார், அந்த ஆவி இன்னும் உடலில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும் பொறுத்தது.

ஈதர், குளோரோஃபார்ம், சைக்ளோபுரொப்பேன், ஹாலோதேன், ஐசோஃபுளூரேன், செவோஃபுளூரேன் என ஆவிகள் மாறிய ஒவ்வொரு காலத்திலும் அறுவை முடியும் அந்தச் சில நிமிடங்களின் ஆபத்தும் மாறியது. அந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை நமது கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம்.

நெய்யூர் மருத்துவமனை

நாஞ்சில் நாட்டை அடுத்த கல்குளம் வட்டத்தில் உள்ள நெய்யூரில், லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி 1838இல் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே என்பவரால் தொடங்கப்பட்டது. அப்போது உலகில் எங்கும் மயக்க ஆவி கொடுத்து அறுவை செய்யும் வழக்கம் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கிக் காட்டியது 1846 அக்டோபர் 16 அன்றுதான். அடுத்த ஆண்டே ஈதர் கல்கத்தாவை எட்டியது. அதே 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தினார்.

நெய்யூரில் 1861இல் பொறுப்பேற்ற டாக்டர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சி அளித்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் மருத்துவப் பணியும் தொடங்கி, பின்னர் கேதரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது. 1922, 1924 ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற தியோடர் ஹோவர்டு சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர் 1920களில் நெய்யூருக்கு வந்து, ஏறத்தாழ கால் நூற்றாண்டு இப்பகுதியில் பணியாற்றினார். தென் திருவிதாங்கூரில் அப்போது மிகுந்திருந்த முன்சிறுகுடல் புண்ணுக்கு அவர் செய்த அறுவைகள் நெய்யூருக்குப் பெயர் தேடித் தந்தன.

இந்த அறுவைகள் வயிற்றைத் திறந்து செய்யப்படுபவை. அதற்கு வயிற்றுச் சுவரின் தசைகள் இளகியிருக்க வேண்டும். தசை இறுகியிருந்தால் குடல் வெளியே தள்ளும். தையலும் போட முடியாது. அந்நாளில் வயிற்றை இளக்க முதன்மையாக இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று முதுகுத் தண்டில் ஊசி போட்டு மரத்துப் போகச் செய்வது. மற்றொன்று, ஈதரையோ குளோரோஃபார்மையோ மிக ஆழமாகக் கொடுப்பது. ஆழ்ந்த மயக்கம் தசையைத் தளர்த்தும். அதே ஆழத்தில் மூச்சும் இதயமும் தளரும் என்பதே சிக்கல்.

மூச்சா, நாடியா? ஹைதராபாத் விவாதம்

குளோரோஃபார்ம் வந்த சில மாதங்களிலேயே, 1848 ஜனவரியில், இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி கால்நகம் எடுக்கும் சிறு அறுவையின்போது இறந்தாள். அதன்பின் இத்தகைய திடீர் மரணங்கள் தொடர்ந்தன. முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்ற கேள்வி எழுந்தது. எடின்பரோ மருத்துவர்கள் மூச்சைக் கவனித்தால் போதும் என்றார்கள். லண்டன் மருத்துவர்கள் நாடியில் விரல் இருக்க வேண்டும் என்றார்கள்.

எடின்பரோ அறுவை மருத்துவர் ஜேம்ஸ் சைமின் மாணவரான எட்வர்டு லாரி, நிஜாமின் ஹைதராபாத்தில் மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்தார். அவர் ஆசிரியரின் கருத்தை உறுதியாகப் பின்பற்றியவர். விலங்குகளில் சோதனை செய்து இதை முடிவு கட்ட 1888இல் முதல் ஹைதராபாத் குளோரோஃபார்ம் ஆணையம் அமைந்தது. அதன் முடிவை லண்டனில் பலர் ஏற்கவில்லை. எனவே நிஜாம் 1,000 பவுன் கொடுத்து, லான்செட் இதழ் அனுப்பிய லாடர் பிரண்டன் என்ற புகழ்பெற்ற மருந்தியல் அறிஞரை வரவழைத்தார். 1889இல் இரண்டாம் ஆணையம் நூற்றுக்கணக்கான விலங்குகளைச் சோதித்தது. ஹைதராபாத் மருத்துவப் பள்ளியில் பயின்று, குளோரோஃபார்ம் கொடுப்பதில் தேர்ந்த ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்ற பெண் மருத்துவர் இக்காலத்தவரே. மயக்கவியலில் ஈடுபட்ட உலகின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவராக அவர் இன்று கருதப்படுகிறார்.

மூச்சு நின்ற பிறகே இதயம் நிற்கிறது, ஆகவே மூச்சைப் பார்த்தால் போதும் என்பதே ஆணையத்தின் முடிவு. ஆனால் மரணங்கள் நிற்கவில்லை. 1911இல் குட்மன் லெவி என்ற ஆய்வாளர் பூனைகளில் செய்த சோதனை விடை தந்தது. குளோரோஃபார்ம் லேசாக இருக்கும்போது உடலில் அட்ரினலின் கூடினால், இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து நடுங்கி, துடிப்பு நின்றுவிடுகிறது. ஹைதராபாத்தில் பெரும்பாலும் ஆராயப்பட்டது மிகை அளவால் வரும் மரணம்; மருத்துவமனைகளில் பலர் இறந்ததோ லேசான மயக்கத்தில். மயக்க ஆவி இதயத்தைத் தனியாகவும் தாக்கும், அதுவும் அந்நேரத்தில் உடலில் உள்ள பிற வேதிப்பொருள்களோடு சேர்ந்து தாக்கும் என்ற பாடம் அப்போது கிடைத்தது. நியோஸ்டிக்மின் காலத்தில் இதே பாடம் மீண்டும் தேவைப்பட்டது.

அம்பு நஞ்சும் அவரை நஞ்சும்

தென்னமெரிக்கப் பழங்குடி மக்கள் அம்பு நுனியில் பூசிய கியூராரே என்னும் நஞ்சு தசைகளை முடக்கும். அது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் வேலை செய்கிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்டு 1850களில் காட்டினார். 1942 ஜனவரி 23 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹெரால்டு கிரிஃபித்தும் என்னிட் ஜான்சனும் குடல்வால் அறுவை ஒன்றில் சைக்ளோபுரொப்பேன் மயக்கத்தோடு கியூராரேயைக் கொடுத்தனர். வயிறு இளகியது. அதற்காக மயக்கத்தை ஆழமாக்க வேண்டியிருக்கவில்லை. 1946இல் லிவர்பூலின் செசில் கிரேயும் ஜான் ஹால்ட்டனும் லேசான மயக்கத்தோடு கியூராரேயைச் சேர்க்கும் முறையைப் பரப்பினர். நெய்யூர் போன்ற இடங்களில் வயிற்று அறுவைக்கு இருந்த பழைய தடை இவ்வாறு விலகும் காலம் பிறந்தது.

கியூராரேக்கு மாற்று மருந்து ஏற்கெனவே இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் பகுதியில் குற்றவாளியைச் சோதிக்கப் பயன்பட்ட ஒரு காட்டு அவரையின் நஞ்சுதான் ஃபைசோஸ்டிக்மின். அது கியூராரேயின் முடக்கத்தை நீக்கும் என்று வியன்னாவின் யாக்கோப் பால் 1900இல் கண்டார். அதை ஒத்த செயற்கை மருந்தான நியோஸ்டிக்மின் 1931இல் உருவாக்கப்பட்டது.

மீட்பு மருந்து ஏன் கட்டாயம் என்பதை ஒரு கணக்கு உணர்த்தியது. அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் 1948 முதல் 1952 வரை கொடுக்கப்பட்ட ஏறத்தாழ 6 லட்சம் மயக்கங்களை பீச்சரும் டாடும் ஆராய்ந்து 1954இல் வெளியிட்டனர். மயக்கம் தொடர்பான மரணம், தசைத் தளர்த்தி பெறாதவர்களில் 2,100 பேருக்கு ஒருவர். பெற்றவர்களில் 370 பேருக்கு ஒருவர். கியூராரேயே நச்சு என்று அவர்கள் ஐயுற்றனர். தளர்ச்சி முழுதும் நீங்காமல் மூச்சு குறைந்து போனதே பெரும் காரணம் என்று பின்வந்தோர் எண்ணினர். தளர்ச்சியை மீட்காமல் விட்டால் மூச்சுக்கு ஆபத்து. கவனமின்றி மீட்டால் இதயத்துக்கு ஆபத்து. மயக்க மருத்துவர் இவ்விரண்டுக்கும் நடுவே நின்றார்.

ஒரு வடிகால், இரண்டு வயல்கள்

நியோஸ்டிக்மின் இதயத்தை ஏன் தொடுகிறது? நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சுரந்து தசைக்குச் செய்தி சொல்கிறது. தசையில் அதற்கான ஏற்பிடங்கள் உள்ளன. கியூராரே அந்த இடங்களை அடைத்துக்கொள்கிறது. சுரந்த அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனுக்குடன் சிதைக்கிறது. நியோஸ்டிக்மின் அந்த நொதியைத் தடுக்கிறது. அசிட்டைல்கோலின் சேர்ந்து பெருகி, கியூராரேயோடு போட்டியிட்டு இடத்தைத் திரும்பப் பிடிக்கிறது.

ஆனால் அசிட்டைல்கோலின் தசைக்கு மட்டும் உரியதன்று. இதயத்தை அடக்கி வைக்கும் வேகஸ் நரம்பும் அதையே சுரக்கிறது. 1921இல் ஆட்டோ லோவி தவளை இதயங்களில் இதை மெய்ப்பித்தார். இத்துறை ஆய்வுகளுக்காக அவருக்கும் ஹென்றி டேலுக்கும் 1936இல் நோபல் பரிசு கிடைத்தது.

நாஞ்சில் நாட்டு வயல்களை நினைத்தால் இது எளிதில் விளங்கும். அடுத்தடுத்த இரண்டு வயல்களுக்கு ஒரே வடிகால் என்று கொள்வோம். மேல் வயலில் நீர் போதாமல் பயிர் வாடுகிறது. அதற்காக வடிகாலை அடைத்தால் நீர் ஏறும். ஆனால் கீழ் வயலிலும் சேர்ந்தே ஏறி, அங்குள்ள பயிரை மூழ்கடிக்கும். மேல் வயல் தசை, கீழ் வயல் இதயம், வடிகால் அந்த நொதி. கீழ் வயலைக் காக்கத் தனி வரப்பு வேண்டும். அந்த வரப்புதான் அட்ரோபின். அது இதயத்தில் உள்ள ஏற்பிடங்களை மறைக்கும். தசையில் உள்ளவற்றைத் தொடாது.

அட்ரோபின் பெல்லடோனா செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நம் ஊர் வேலியோரத்து ஊமத்தையிலும் அதே வகைப் பொருள்கள் உண்டு. ஊமத்தை தின்றவருக்கு வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, நாடி விரைவதும் இதனால்தான்.

1949இல் வந்த எச்சரிக்கை

1949இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், நியோஸ்டிக்மின் ஊசிக்குப் பின் நேர்ந்த மரணங்கள் பற்றிய குறிப்புகள் அடுத்தடுத்து வெளியாயின. ஆக்ஸ்ஃபோர்டின் பேராசிரியர் ராபர்ட் மெக்கிண்டாஷ் எழுதியதும் அவற்றுள் ஒன்று. அட்ரோபினை முதலில் கொடுத்துப் பின்னர் நியோஸ்டிக்மினைக் கொடுப்பதா, இரண்டையும் ஒன்றாகவா என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. மூச்சுக் குறைவால் கரியமில வாயு உடலில் தேங்கியிருக்கும் நோயாளியின் இதயம் இம்மருந்துகளுக்கு எளிதில் தடுமாறும் என்பதும் 1950களில் கவனத்துக்கு வந்தது. கரியமில வாயு தேங்கினால் அட்ரினலினும் கூடும். அப்போது உடலில் எந்த ஆவி இருக்கிறது என்பது முக்கியமாகிறது. லெவி 1911இல் காட்டியது இங்கே திரும்பி வந்தது.

ஆவிக்கு ஆவி மாறும் துடிப்பு

ஒவ்வொரு ஆவியும் இதயத்தை ஒவ்வொரு நிலையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. மீட்பு மருந்து அந்த நிலையின் மேல்தான் வேலை செய்கிறது.

ஈதர் எளிதில் தீப்பற்றும், குமட்டலும் தரும். ஆயினும் அது உடலின் பரிவு நரம்புகளைத் தூண்டி நாடியைத் தாங்கிப் பிடிக்கும். வசதி குறைந்த மருத்துவமனைகளில் அது பல பத்தாண்டுகள் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ஈதரே தசையைத் தளர்த்துவதால் கியூராரேயின் அளவைக் குறைக்க வேண்டியிருந்தது.

சைக்ளோபுரொப்பேன் வேகஸின் பிடியைக் கூட்டும். அட்ரினலினுக்கு இதயத்தை மிகையாகத் துலங்கவும் செய்யும். துடிப்பு குறைவதும் ஒழுங்கு தவறுவதும் அதில் அடிக்கடி காணப்பட்டன. அந்த நிலையில் நியோஸ்டிக்மினைச் சேர்ப்பது தனிக் கவனம் கோரியது.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மைக்கேல் ஜான்ஸ்டன் ஹாலோதேனை நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். சார்லஸ் சக்ளிங் 1951இல் உருவாக்கிய இந்த ஆவி தீப்பற்றாது, மணமும் இனிது. இந்தியாவில் அது நெடுங்காலம் முதன்மை ஆவியாக இருந்தது. ஆனால் இதயத் துடிப்பைத் தொடங்கி வைக்கும் சைனஸ் கணுவை ஹாலோதேன் தளர்த்தும். இரத்த அழுத்தம் குறைந்தால் துடிப்பை விரைவாக்கி ஈடு செய்யும் இயல்பான அனிச்சையையும் மழுங்கச் செய்யும். ஆகவே ஹாலோதேனில் நாடி ஏற்கெனவே மெதுவாக இருக்கும். கீழ் வயல் ஈரம் மிகுந்து நிற்கும் நேரத்தில் வடிகாலை அடைப்பது போன்றது இது. அட்ரோபின் போதாவிட்டால் துடிப்பு வெகுவாகக் குறையும். பயந்து அட்ரோபினைத் திடீரென மிகுதியாகக் கொடுத்தாலோ, ஹாலோதேன் உள்ள இதயம் ஒழுங்கு தவறித் துடிக்கலாம்.

1980களில் பரவிய ஐசோஃபுளூரேன் துடிப்பைச் சற்று உயர்த்தும். ஈடு செய்யும் அனிச்சையையும் ஹாலோதேன் அளவுக்கு அடக்காது. 1990களில் வந்த டெஸ்ஃபுளூரேனை விரைவாகக் கூட்டினால் நாடி பாய்ந்து உயரும். செவோஃபுளூரேன் துடிப்பை அதிகம் மாற்றாது. இவற்றின் கீழ் அட்ரோபினை மிகுதியாகக் கொடுத்தால், குறைவதைவிட விரைவதே தொல்லையாகலாம். இதயத் தமனி அடைப்பு உள்ள முதியவருக்கு வேகமான துடிப்பும் தீங்குதான்.

இன்னொரு தொடர்பும் உண்டு. இந்த ஆவிகள் அனைத்தும் தசைத் தளர்ச்சியை ஆழமாக்கும். நியோஸ்டிக்மினின் மீட்பைத் தாமதமாக்கும். ஆவியை நிறுத்தாமல் மீட்பு மருந்து கொடுத்தால் தசை மெதுவாகவே வலுப்பெறும். பொறுமையிழந்து மேலும் நியோஸ்டிக்மின் கொடுத்தால் சுமை இதயத்தின் மேல் விழும். ஆவியை முதலில் குறைத்து, அது வெளியேற நேரம் தருவது இதனால்தான் நல்ல வழக்கமாயிற்று.

தசைத் தளர்த்தியின் வகையும் கணக்கில் சேரும். காலமின், பான்குரோனியம் ஆகியவை தாமே நாடியை உயர்த்துவன. 1980களில் வந்த வெக்குரோனியம் இதயத்தைத் தொடாது. இதனால் பழைய மருந்துகளின் உயர்வு மறைத்திருந்த வேகஸின் அடக்கம், புதிய மருந்துகளோடு வெளிப்படையாகத் தெரிந்தது.

வரப்பை மாற்றியவர்கள்

அட்ரோபின் ஒரு நிமிட அளவில் வேலையைத் தொடங்கிவிடும். நியோஸ்டிக்மின் உச்சத்தை எட்ட 7 முதல் 10 நிமிடங்கள் ஆகும். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் நாடி முதலில் விரைந்து, பின்னர் குறையும். பின்னாளில் வந்த கிளைக்கோபைரோலேட் சற்று மெதுவாகத் தொடங்குவதால் நியோஸ்டிக்மினோடு நன்கு ஒத்துப்போகிறது. மூளைக்குள் எளிதில் புகாததால் முதியவர்களுக்குக் குழப்பமும் குறைவு. நியோஸ்டிக்மின் 1 மி.கி.க்கு கிளைக்கோபைரோலேட் 0.2 மி.கி. என்பது வழக்கமான விகிதம். இந்த விகிதத்தில் இரண்டும் கலந்த ஊசி மருந்து இன்று இந்தியாவில் கிடைக்கிறது.

சுகமாடெக்ஸ் என்னும் புதிய மருந்து வடிகாலைத் தொடுவதே இல்லை. ரோக்குரோனியம், வெக்குரோனியம் ஆகிய தளர்த்திகளின் மூலக்கூறுகளைத் தன்னுள் சிறைப்பிடித்து நீக்கிவிடுகிறது. ஐரோப்பாவில் 2008இலும் அமெரிக்காவில் 2015இலும் அதற்கு அனுமதி கிடைத்தது. வேகஸ் தொல்லை இதனால் பெரிதும் விலகியது. ஆயினும் அரிதாக அதன் பின்னும் துடிப்பு மிகக் குறைந்த நிகழ்வுகள் பதிவாகியிருப்பதால், அங்கும் நாடியைக் கவனிக்கவே மருத்துவர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது.

இன்றைய நிலை

அக்காலத்துச் சிறு மருத்துவமனைகளில் மயக்கம் கொடுத்தவர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற உதவியாளரே. ஒரு கை முகமூடியில், ஒரு விரல் நாடியில், கண் மார்பின் அசைவில் என்பதே அவரது கண்காணிப்பு. இந்திய மயக்கவியலார் சங்கம் 1947இல் தோன்றியது. மயக்கவியல் தனி மருத்துவத் துறையாக வளர்ந்தது. 1970இல் லிவர்பூல் ஆய்வாளர்கள் நரம்பை நான்கு முறை தூண்டித் தசையின் பதிலை அளக்கும் முறையைத் தந்தனர். நான்காம் துடிப்பு முதல் துடிப்பில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிய பிறகே மூச்சுக்குழாயை எடுப்பது இன்று பரிந்துரைக்கப்படுகிறது. ஆசாரிப்பள்ளத்தில் 2001இல் தொடங்கிய கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்களில் மயக்கவியல் பயிலும் மாணவர்கள் இதய மின்வரைவு, இரத்த ஆக்சிஜன், கரியமில வாயு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் திரையில் பார்க்கப் பழகுகிறார்கள். ஹைதராபாத் விவாதத்தின் இரு தரப்பும் வலியுறுத்தியவை இப்போது ஒரே திரையில் இருக்கின்றன.

பொதுமக்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அறுவைக்கு முன் மயக்க மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு மறைக்காமல் விடை சொல்ல வேண்டும். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள், குறிப்பாக பீட்டா தடுப்பான்கள், நாடியை முன்பே மெதுவாக்கியிருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நியோஸ்டிக்மின் மூச்சுக்குழலைச் சுருக்கக் கூடும். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால், எந்த ஆவி, எந்தத் தளர்த்தி, எந்த மீட்பு மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்ய அவருக்கு அது பெரிதும் உதவும்.